ஒரிஜினல் மேல் கை வைக்கக் கூடாது

ஜூன் 6, சனிக்கிழமை

வாண்டுவின் அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. உடம்புக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை. மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம் குரல் ஏறிவிடுகிறது, வாண்டு காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய்விடுகிறாள், அதனால் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள்தான். கப்பல் கட்டும் இடத்தில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கடிதம்தான் வசதி என்றீர்கள். சரி என்றேன். அவள் வரையும் படங்களையும் அதோடு சேர்த்து அனுப்பலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் கவர் வியாழக்கிழமை வந்தது. அவள் பெயருக்கு வந்ததால் நான் பிரிக்கவில்லை. ஐந்து வயதில் ஒருத்திக்குத் தபால் வருவது எவ்வளவு பெரிய சங்கதி தெரியுமா? பள்ளியிலிருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, ஓரம் கிழியாமல், பல்லால் மெதுவாகப் பிரித்தாள்.

உள்ளே அவள் உங்களுக்கு அனுப்பிய அதே படம்.

அந்தப் படத்துக்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். எக்ஸ்ரே அறையில் ஃபிலிம்களுக்கு நடுவில் வரும் வெள்ளைத் தாளை நான் சேர்த்துக் கொண்டுவருவேனே, அதில் பெரியதாக ஒன்றைப் பார்த்து எடுத்தாள். நம் வீட்டை வரைந்தாள். முன்பக்கச் சுவரே இல்லை, உள்ளே எல்லாம் தெரியும். நான் அடுப்படியில். அவள் கட்டில் மேல் குதித்துக்கொண்டு. நீங்கள் மாடிப்படி ஏறி வருகிறீர்கள். உங்கள் வயிற்றுக்குள் இரண்டு முட்டையும் ஒரு பன்னும். “ஏன்டா வயித்துக்குள்ள வரஞ்சே?” என்று கேட்டேன். “அப்பா பசியோட வரக் கூடாதுல்ல” என்றாள். வானத்தில் இரண்டு சூரியன். ஒன்று நமக்கு, ஒன்று அப்பா இருக்கிற ஊருக்கு.

அந்தப் படத்தில் நீங்கள் செய்திருந்த வேலையை உங்களுக்கே படித்துக்காட்டுகிறேன். சிவப்புப் பென்சிலில்: ‘முன்தோற்றமா, வெட்டுத்தோற்றமா? முடிவு செய்யவும்.’ ‘படிகள் ஏழு காட்டப்பட்டுள்ளன. இருப்பது பதினொன்று.’ ‘அம்மா கதவைவிட உயரம்.’ ‘சூரியன் இரண்டு. ஒன்றை நீக்கவும்.’ சரியாக இருந்தவற்றின் மேல் மஞ்சள் பூசியிருந்தீர்கள். என்னென்ன சரி? கதவு எண்ணும் ஜன்னல் கம்பியும். கீழே மூலையில், ஆபீஸில் போடுகிற அதே வால் நீட்டிய சுழிக் கையெழுத்து, தேதி, ‘திருத்தி மீண்டும் அனுப்பவும்.’

அவள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும், அதனால்தானே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள்? விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். நீக்கவும் என்றால் என்ன என்று கேட்டாள். எடுத்துவிடுவது என்றேன்.

“எந்த சூரியனம்மா எடுக்கணும்? அப்பாவோடதா, நம்மோடதா?”

நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். அதையும் மஞ்சள் பூசி அனுப்புங்கள்.

உங்கள் மனைவி
(இன்றைய தேதிக்கு)


ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

‘அன்புள்ள’வை நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள். உன் கடிதம் கிடைத்தது. கப்பலின் அடித்தட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அறையில் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அது குற்ற உணர்ச்சியால் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தால்தான்.

ஏதோ குழந்தையைக் கைநீட்டி அடித்துவிட்டவன் மாதிரி எழுதியிருக்கிறாய். வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட இருப்பவர்கள் எல்லாம் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். நான் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, அந்தப் படத்தை விரித்து வைத்து, மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நம் மாடிப்படியை மனதுக்குள் ஏறி ஏறி எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். அவள் போட்ட ஒரு கோட்டைக்கூட நான் பார்க்காமல் விடவில்லை. வரைபடத்தைச் சரிபார்ப்பது என் தொழில். இந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். நல்ல வரைபடத்துக்குத்தான் நேரம் செலவழிப்பேன். உதவாத வரைபடம் என்றால் ‘மறுபடி வரைக’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன்.

நீ என்ன செய்கிறாய்? அதையும் பேசுவோம். அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நீ அடுப்பைப் பார்த்தபடியே “சூப்பர்டா செல்லம்” என்பாய். காலையில் ஒரு சூப்பர், மாலையில் நான்கு சூப்பர். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு நாள், அவள் வெறும் தாளைக் கொண்டுவந்து உன் முதுகுக்குப் பின்னால் நீட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லாத தாள். நீ “சூப்பர்” என்றாய். அவள் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்குச் சத்தியம் வைத்தாள். இன்று சத்தியத்தை உடைத்துவிட்டேன், நீ உடைக்க வைத்துவிட்டாய்.

வீட்டையே ஓவியப் பட்டறை ஆக்கிவிட்டாய். குளியலறைச் சுவரில் வண்ணத்தை அப்பிக்கொள்ளச் சொல்கிறாய், பிறகு கழுவிவிடலாம் என்கிறாய். ஹாலில் கொடி கட்டி, துணி கிளிப்பில் அவள் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறாய். அவள் உயரத்துக்குக் கட்டியிருப்பதால் எனக்குத்தான் இடுப்பில் மாட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பழைய போர்வையைத் தரையில் விரித்து நீ அவளை வரையவிடும்போது கோணலாக இருக்கிறதே என்று தோன்றும், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். ஆனால் என்றைக்காவது ஒருவர் அவளுக்கு நேர்கோடு என்று ஒன்று இருப்பதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

சூரியன் விஷயம் எனக்குத் தெரியாது. படத்தின் மேல் அவள் எழுதவில்லையே. எழுதாததை நான் எப்படிப் படிப்பது?

ஆகஸ்ட் பதினான்கிலிருந்து இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன். வந்து நேரில் அவளுக்குப் புரியவைத்துக்கொள்கிறேன். அதுவரை நீ எண்ணெய் ஊற்றாமல் இருந்தால் போதும்.

வாண்டுவுக்கு முத்தம். உனக்கு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை.

அவள் அப்பா


ஜூன் 23

வாண்டுவின் அப்பாவுக்கு,

வெறும் தாள் கதை உண்மையாக இருக்கலாம். ஒரு நாள் நடந்திருக்கலாம். ஒன்பது மணி நேரம் நின்று, முப்பது பேரைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டு வந்து, கையில் கரண்டியோடு நிற்பவள் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் சொல்லியிருக்கலாம். அதை இத்தனை நாள் பொத்தி வைத்திருந்து, சண்டை வந்ததும் எடுத்து வீசுகிறீர்கள் பாருங்கள், அந்தச் சாமர்த்தியம் எனக்கு வராது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் உங்கள் ஆபீஸைப் பற்றி ராத்திரி பகலாக என்னிடம் அளப்பீர்கள். சரிபார்க்கிறவன் ஒருநாளும் ஒரிஜினல் மேல் கை வைக்கக் கூடாது, நகல் எடுத்து நகலில்தான் கிறுக்க வேண்டும், ஒரிஜினலில் பென்சில் நுனி பட்டாலே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்பீர்கள். புதிதாக வந்த ஒருவன் அப்படிச் செய்துவிட்டான் என்று ஒரு வாரம் புலம்பினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கப்பலுக்குள் கழிவறைக் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்கிற படத்துக்கு அவ்வளவு மரியாதை. உங்கள் மகள் வரைந்தது ஒரிஜினல் இல்லையா? அதற்கு ஒரு நகல் எடுக்கக்கூடத் தோன்றவில்லையா? அவளிடம் வேறு பிரதி இல்லை. இரண்டு சூரியனும் உள்ள அந்த ஒரு தாள்தான் இருந்தது.

அங்கே செய்தால் வேலை போயிருக்கும். இங்கே செய்தால் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

இது அவளோடு ஆரம்பித்ததும் இல்லை. துண்டை நான் மடித்தால் பிரித்து மறுபடி மடிப்பீர்கள். சுவரில் படம் மாட்டினால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பீர்கள். நான் ஒரு சம்பவம் சொன்னால் நடுவில் நிறுத்தி, “அது செவ்வாய் இல்ல, புதன்” என்பீர்கள். எனக்குப் பழகிவிட்டது, தோல் தடித்துவிட்டது. என் வேலையும் தப்பு தேடுகிற வேலைதான். எங்கே முறிந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அதற்காக வீட்டுக்கு வந்து உங்கள் விலா எலும்பை எண்ணிக்கொண்டா இருந்தேன்?

நேரில் வந்து புரியவைக்கப் போகிறீர்களா? அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் புரிந்துவிட்டது. என் அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கோடு போடுகிறாள், அழிக்கிறாள், மறுபடி போடுகிறாள், தாள் ஓட்டையாகிவிடுகிறது. ஓட்டையான தாளை மடித்துக் குப்பைக்கூடைக்கு அடியில், நான் பார்க்காதபடி திணிக்கிறாள். வயிற்றுக்குள் சாப்பாடு வரைந்தவள் இப்போது மனிதர்களுக்குச் சட்டைப் பட்டன் எத்தனை என்று என்னிடம் வந்து கேட்கிறாள்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். “அப்பாவுக்கு அனுப்பு” என்று நேற்று கொண்டுவந்து கொடுத்தாள். முழுக்க மஞ்சள். ஓரம் முதல் ஓரம் வரை, அந்த கிரேயான் தீரும்வரை தேய்த்திருக்கிறாள். “வேற ஒண்ணும் வரையலையா?” என்று கேட்டேன்.

“வரஞ்சா சிவப்பு வரும்மா. இதுல வராது.”

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. உங்கள் கண்ணை வைத்துத்தானே பிழைக்கிறீர்கள், நன்றாகப் பாருங்கள்.

அவளுக்கு இனி நேராகக் கடிதம் போடாதீர்கள். எனக்குப் போடுங்கள்.

அவள் அம்மா


ஜூலை 4

உனக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், நீட்டினால் திரும்ப எடுக்க முடியாத வார்த்தை ஏதாவது விழுந்துவிடும்.

மஞ்சள் தாள் வந்தது. ஐந்து வயதுக் குழந்தை தானாக இப்படிச் செய்யாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா இப்படி, அப்பா அப்படி என்று ஏற்றிவிட்டிருக்கிறாய். அவள் வாயில் வார்த்தையையும் நீதான் வைத்திருக்கிறாய். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற உனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது, அவளைப் பிடித்து நிறுத்திவிட்டாய்.

என் பெண்ணுக்கு நான் கடிதம் போடக் கூடாது என்று சொல்ல நீ யார்? நான் இந்தத் துருப்பிடித்த இடத்தில் வந்து கிடப்பது யாருக்காக?

லீவை ரத்து செய்துவிட்டேன். நீயும் உன் கொடியும் கிளிப்பும் நிம்மதியாக இருங்கள்.

(கையெழுத்து போடப் பிடிக்கவில்லை)


ஜூலை 12, ஞாயிறு

வாண்டுவின் அப்பாவுக்கு,

ஏற்றிவிட்டேன் என்றீர்கள். இதைப் படியுங்கள்.

மேல் வீட்டுக் குழந்தை நேற்று விளையாட வந்தது. நாலு வயது, முழங்கால் உயரம், எப்போதும் மூக்கு ஒழுகும், வாண்டுவைக் கண்டால் உயிரை விடும். இருவரையும் போர்வையில் உட்காரவைத்துத் தாளும் கிரேயானும் கொடுத்துவிட்டு நான் துணி காயப்போடப் போனேன். மூன்று வாரமாக ஒன்றும் வரையாமல் இருப்பவள், கூட ஒரு குழந்தை இருந்தால் தொடங்கிவிடுவாள் என்று நப்பாசை. நான் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். குளியலறையில் வண்ணத்தைக் குழைத்து வைத்தேன், தொடவில்லை. நானே உட்கார்ந்து ஒரு யானை வரைந்தேன், அது பன்றி மாதிரி வந்தது, அதற்காவது சிரிப்பாள் என்று பார்த்தேன். “காலு கோணல்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கொடியில் இருந்த படங்களையும் ஒவ்வொன்றாக அவளே கழற்றிவிட்டாள். இப்போது வெறும் கிளிப்புகள்தான் தொங்குகின்றன.

துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் அழுகைச் சத்தம். சின்னது வீடு மாதிரி ஏதோ வரைந்திருக்கிறது. நம்மவள் அதை வாங்கி, சிவப்பு கிரேயானால் கதவைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். “கதவு சின்னதா இருக்கு. நீ எப்படி உள்ள போவே?” சின்னது தாளைப் பிடுங்கப் பார்க்கிறது, இவள் விடவில்லை. கீழே மூலையில் உங்கள் கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். வால் நீட்டிய அதே சுழி. பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

“அழுவா, அப்புறம் பழகிடும்மா.”

பழகிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். என்னைப் பார்த்து அவளே கற்றுக்கொண்டாளோ என்னவோ.

சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், அதன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி இதில் வைத்திருக்கிறேன். இதையும் நான்தான் வரைந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், எனக்கு உங்கள் சுழி போட வராது. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. அவளுக்கு ஒரே கடிதத்தில் வந்துவிட்டது.

லீவை ரத்து செய்தது நல்லது. செய்யாமல் இருந்திருந்தால் நானே வராதீர்கள் என்று எழுதியிருப்பேன்.

அவள் அம்மா


ஜூலை 26

அன்புள்ள உனக்கு,

உன் கவர் வந்து எட்டு நாள் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். முதல் நான்கு நாள் உன்னைத் திட்டி எழுதினேன், கிழித்துப் போட்டேன். பிறகு என்னைத் திட்டி எழுதினேன், அதையும் கிழித்தேன், அது நாடகம் போல இருந்தது.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். மேல் வீட்டுக் குழந்தையின் படத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். என் அறையில் ஒரு கிரேன் ஆபரேட்டர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறேனே, பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு, அவர் அதைப் பார்த்திருக்கிறார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டார்:

“சின்னப் புள்ள படத்துல எதுக்குய்யா நீ கையெழுத்து போட்டே?”

நான் போடவில்லை என்றேன். “உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? டெய்லி என் ஷீட்ல போடறியே” என்றார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை. முதல் பார்வையில் எனக்கே சந்தேகம் வந்தது, எப்போதாவது மறதியாகப் போட்டுவிட்டோமோ என்று. என் பெண் போட்டது என்றேன். எதற்குப் போட்டாள் என்று கேட்டார். சொல்ல வேண்டியதாயிற்று, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும். அவர் முழுக்கக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருப்பேன்.

நீ ஏற்றிவிடவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படி எழுதினேன்.

ஒரிஜினல் மேல் கை வைத்தது தப்பு. அதற்கு நான் ஒரு சமாதானமும் சொல்லப்போவதில்லை. நகல் எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. நகல் எடுத்து அதில் சிவப்பு போட்டிருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றும் இப்போது யோசிக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், இரக்கம் தேடுகிறான் என்று நினைக்காதே. பென்சில் இல்லாமல் ஒரு படத்தைப் பார்த்துப் பழக வேண்டும் என்று அந்தச் சின்னதின் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண் நேராகக் கதவுக்குப் போய்விட்டது. கதவு சின்னதுதான், சந்தேகமே இல்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, மேசையை ஓங்கிக் குத்திவிட்டேன், தம்ளர் உருண்டது. முப்பத்தெட்டு வயதில் ஒரு படத்தைச் சும்மா பார்க்கத் தெரியவில்லை. நீ துண்டு மடிப்பதை, படம் மாட்டுவதை, கதை சொல்வதை எல்லாம் நான் எப்படிப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

லீவை ரத்து செய்தேன் என்று எழுதியது பொய். உன்னைக் காயப்படுத்த எழுதினேன். விண்ணப்பம் மேலாளர் மேசையில் அப்படியேதான் இருக்கிறது, கையெழுத்தாகிவிட்டது. இருக்கட்டுமா, திரும்ப வாங்கிவிடட்டுமா? நீ வர வேண்டாம் என்றால் வரவில்லை. இதில் எனக்கு ரோஷமில்லை.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அதுவும் திருத்தம் மாதிரிதான் வருகிறது. நீயே சொல், நான் என்ன எழுதட்டும்?

அவள் அப்பா


ஆகஸ்ட் 5

வாண்டுவின் அப்பாவுக்கு,

அவளுக்கு ஒன்றும் எழுதாதீர்கள். நானும் உங்கள் சார்பில் எதையும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கோபம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை. தெரிந்துகொண்டே அப்படி எழுதினேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம், அந்தக் குழந்தையைச் சாட்சி என்று எழுதியிருக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

செய்தி வேறு. அவள் வரைகிறாள்.

தற்செயலாகத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கம்மலின் திருகாணி உருண்டு ஓடிவிட்டது. தேடிக்கொண்டு தரையில் தவழ்ந்து, கடைசியில் மல்லாக்கப் படுத்தேன். நம் வீட்டுக்குள்ளேயே ஓர் இடம். படுத்தால் மட்டும் தெரிகிற இடம். எந்த இடம் என்று எழுத மாட்டேன், எழுதினால் நீங்கள் மனதுக்குள்ளேயே அங்கே போய் அளவெடுத்துவிடுவீர்கள். முழுக்க வரைந்திருக்கிறாள். ஒரு நாளில் வரைந்தது இல்லை, பல வாரமாக நடந்திருக்கிறது. தாள் குறையவே இல்லையே, கிரேயான் மட்டும் ஏன் தேய்கிறது என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டும்.

எப்படிப்பட்ட கோடுகள் தெரியுமா? அளவுகோலும் இல்லை, அழிப்பானும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, தலைகீழாக, பக்கவாட்டில், கிடைத்த இடத்தில் எல்லாம். படுத்துக்கொண்டே கையை மேலே தூக்கி வரைந்திருக்கிறாள், எப்படிக் கை வலித்திருக்கும்! “சூப்பர்டா செல்லம்” என்று நெஞ்சிலிருந்து வாய்வரை வந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் அவளை எழுப்பித் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது, மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இதை உங்களிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை. நீங்கள்தான் இங்கே இல்லையே. ஒரே வீட்டில், நான் நடக்கிற தரையில், என் காலடி கேட்காத நேரம் பார்த்து வரைந்திருக்கிறாள். என்னிடமிருந்துதான் மறைத்திருக்கிறாள். இரண்டு மாதமாக நான் உங்களைத் திட்டி எழுதிக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதிய அதே நேரத்தில் அவள் எனக்கு எட்டடி தூரத்தில் படுத்து வரைந்துகொண்டிருந்திருப்பாள்.

நான் அதில் இருக்கிறேன். ஆறு ஏழு இடத்தில் இருக்கிறேன். எல்லாவற்றிலும் முதுகுதான். கொண்டை, புடவைத் தலைப்பு, கையில் கரண்டி. முகத்தை அவள் எங்கேயும் போடவில்லை.

ஒரு மணி நேரம் அங்கேயே படுத்திருந்தேன். அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், அதனால் சொல்லவில்லை. அவள் எழுந்து வருகிற சத்தம் கேட்டதும் திருகாணி கிடைத்துவிட்ட மாதிரி எழுந்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. துடைக்கும் துணியோடு இனி அந்தப் பக்கம் போவதும் இல்லை. கிரேயான் டப்பாவில் தேய்ந்துபோன நிறங்களை எல்லாம் புதிதாக வாங்கி வைத்தேன். அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

நேற்று சமைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். “என்னம்மா?” என்று அவள்தான் கேட்டாள். “ஒண்ணுமில்ல, உன்னைப் பாக்கறேன்” என்றேன். நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் கதை கட்ட எனக்கு ஒன்றுமில்லை.

பதினான்காம் தேதி வாருங்கள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் சம்மதம் என்றால் வாருங்கள். நீங்கள் எதையும் தேடக் கூடாது. படம் எங்கே, ஏன் வரைவதில்லை என்று கேட்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று அவளைப் பிடித்து உட்காரவைக்கக் கூடாது. பொம்மை வாங்கி வந்து சரிக்கட்டப் பார்க்கக் கூடாது. இருபது நாளும் அவள் காட்டவில்லை என்றால் இருபது நாளும் பார்க்காமல் திரும்பிப் போக வேண்டும். எனக்கும் அதே சட்டம்தான், உங்களுக்கு மட்டும் போட்டது இல்லை.

நீங்களும் அதில் இருக்கிறீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் எழுத மாட்டேன்.

அவள் அம்மா